பெண் வேடம் பார்த்துச் சிரிப்பது நின்றுவிட்டதா? "இரண்டே எபிசோட்" ஒரு சாட்சியா?

ஒளிவட்டம்:
நேற்று நகைச்சுவைத் திரியில் சாரல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி. அவர் எழுதியது இது: "ஆண் ஒருவன் பெண் உடையில் வந்து நின்றாலே சிரித்த ரசிகர்கள் இன்று இல்லை. 2012இல் அமெரிக்காவில் ஏபிசி சேனல் போட்ட 'வொர்க் இட்' தொடர் இரண்டே எபிசோடில் நின்றது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

வேண்டும் சாரல், நிறையவே வேண்டும். வேலை இழந்த இரண்டு ஆண்கள் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேருகிறார்கள். கதை அவ்வளவுதான். தொடர் ஓடவில்லை, சேனல் தூக்கிவிட்டது. ஓடாத தொடர் வருஷத்துக்குப் பத்து இருக்கும். அதில் ரசிகர்களின் மனமாற்றம் எங்கே வந்தது?

அதற்கு முந்தைய ஆண்டு, 2011இல், பிபிசியில் 'மிஸஸ் பிரௌன்ஸ் பாய்ஸ்' தொடங்கியது. பிரெண்டன் ஓ'கரோல் என்ற ஐரிஷ் நடிகர் வாய்த்துடுக்கான ஓர் அம்மாவாக வேடம் கட்டுகிறார். 2013 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். 2016இல் 'ரேடியோ டைம்ஸ்' நடத்திய வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டின் சிறந்த சிட்காம் என்று வாசகர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இவர்களெல்லாம் ரசிகர்கள் இல்லையா?

சாரல்:
என் பெயரை நடுத்தெருவுக்கு இழுத்ததற்கு நன்றி. டப்பிங் திரியில் பதில் சொல்ல முடியாமல் போன கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை என்று தெரிகிறது.

'வொர்க் இட்' வெறுமனே ஓடாமல் நின்ற தொடர் இல்லை. ஒளிபரப்புக்கு முன்பே, 2011 டிசம்பரில், பாலினச் சிறுபான்மையினருக்காகக் குரல் கொடுக்கும் கிளாட், மனித உரிமைப் பிரசாரம் என்ற இரண்டு அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து 'வெரைட்டி' என்ற திரைத்துறை இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தன. வேலை இடத்தில் திருநங்கைகள் படும் பாட்டை இப்படி விளையாட்டாக்கினால் அவர்களுக்குத்தான் ஆபத்து என்பது அவர்கள் வாதம். 2012 ஜனவரியில் தொடர் வந்தது, இரண்டு வாரம் ஓடியது, போய்விட்டது.

இதே ஏபிசியில் 1980இல் 'புஸம் பட்டீஸ்' என்று ஒரு தொடர் வந்தது. டாம் ஹாங்க்ஸும் பீட்டர் ஸ்கோலாரியும் பெண்கள் மட்டும் தங்கும் விடுதியில் குறைந்த வாடகைக்கு இடம் பிடிப்பதற்காகப் பெண் வேடம் போடுவார்கள். இரண்டு சீசன், 37 எபிசோட். அதே சேனல், அதே மாதிரிக் கதை. அன்று 37, இன்று 2. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஒளிவட்டம்:
37 என்று அழுத்திச் சொல்கிறீர்களே, அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா? இரண்டாவது சீசனில் அந்த விடுதி ரகசியம் உடைந்துவிடும், பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிடுவார்கள். இரண்டு நண்பர்களின் சாதாரணக் கதையாக அது மாறிவிட்டது. ஆக 1980இலேயே வேடம் ஒரு சீசனுக்கு மேல் தாங்கவில்லை. உங்கள் கணக்குப்படி ரசிகர்கள் 1981இலேயே திருந்திவிட்டார்களா?

இன்னொன்று. 'வொர்க் இட்' முதல் எபிசோடில் புவெர்ட்டோ ரிக்கோ மக்களைப் போதைப்பொருள் விற்பவர்களாகக் காட்டும் ஒரு வசனம் வந்தது. அதற்கும் போராட்டம் நடந்தது. நிறுத்தியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், குறைந்த பார்வையாளர் எண்ணிக்கையும் காரணமாக இருக்கலாம். பாவாடை மட்டும்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

டோப்பா மாமா:
தம்பிகளா, ஒரு வார்த்தை. நான் சின்ன வயதில் மேடையில் ஸ்திரீபார்ட் போட்டவன். ஆண் பெண் வேடம் கட்டினால் சிரிப்புத்தான் என்று இரண்டு பேருமே முடிவு செய்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். டி.கே. சண்முகம் ஒளவையாராக மேடையேறியபோது யார் சிரித்தார்கள்? கைகூப்பினார்கள். பெயரோடு ஒளவை சேர்ந்து ஒளவை சண்முகம் ஆனார். 1996இல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தின் தலைப்பே அவருக்குச் செய்த மரியாதை.

சிரிப்புக்கென்றே வேடம் கட்டும் வழக்கத்தைப் பெரிதாக்கியது டிவிதான். குரலை வைத்துச் சிரிப்பு, நடையை வைத்துச் சிரிப்பு. ஒரு பெண்ணின் நடையைப் பிடிக்க நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட்டோம். இவர்கள் டோப்பாவை மாட்டியதும் முடிந்தது என்கிறார்கள்.

ஒளிவட்டம்:
மாமா, உங்கள் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் இது டிவி நகைச்சுவை பற்றிய திரி. மேடையும் சினிமாவும் உள்ளே வந்தால் பேச்சு எங்கேயோ போய்விடும். சாரல் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

டோப்பா மாமா:
எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று நீங்கள் சொல்லாதீர்கள். அமெரிக்கக்காரனின் டிவி உள்ளே வரலாம், ஒளவை சண்முகம் வெளியே நிற்க வேண்டுமா?

மீனலோசனி:
எல்லாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒருவன் மாறுவேடம் போடுவது ஒன்று. ஒரு நடிகர் ஒரு அம்மாவை, பாட்டியை முழுப் பாத்திரமாக நடிப்பது இன்னொன்று. பெண் வேடம் கட்டும் கலைஞர்களுக்காக 2009இலிருந்து அமெரிக்காவில் ரூபால் நடத்தும் 'டிராக் ரேஸ்' என்ற டிவி போட்டி மூன்றாவது. அங்கே வேடம் கட்டுபவர்களே அதைக் கலையாகப் பெருமையோடு செய்கிறார்கள், சிரிப்பும் அவர்கள் கையில் இருக்கிறது. நான்காவதாக, திருநங்கையைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கரகரப்பான குரலில் கைதட்டிக் காட்டுவது. இதில் எதைப் பற்றி ரசிகர் மனம் மாறியது என்று கேட்கிறீர்கள்?

நான் திருநங்கை. பள்ளியில் படித்தபோது ஒரு டிவி நிகழ்ச்சியில் வந்த அப்படிப்பட்ட பாத்திரத்தின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழையவே பயமாக இருக்கும், ஏனென்றால் ஞாயிறு இரவு அந்த நிகழ்ச்சி வரும். நீங்கள் எபிசோட் எண்ணுகிறீர்கள். நான் திங்கட்கிழமைகளை எண்ணியவள்.

சாரல்:
மீனலோசனி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த வலியை மக்கள் புரிந்துகொண்டதால்தான் இரண்டே எபிசோடில் நின்றது.

ஒளிவட்டம்:
அவர் எங்கே அப்படிச் சொன்னார்? அவர் வருத்தத்தை உங்கள் இரண்டு எபிசோடுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். மீனலோசனி, உங்களுக்கு நடந்தது கொடுமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் கொடுமை இன்றும் நடப்பதுதான் என் பக்கத்துச் சாட்சி. ரசிகர்கள் மாறவில்லை.

2013இல் இந்தியில் 'காமெடி நைட்ஸ் வித் கபில்' தொடங்கியது. சுனில் குரோவர் 'குத்தி' என்ற பெண்ணாக வந்தார், அலி அஸ்கர் பாட்டியாக வந்தார், கிக்கூ சாரதா 'பலக்' என்ற பெண்ணாக வந்தார். ஒரே நிகழ்ச்சியில் மூன்று பெண் வேடங்கள், நாடே பார்த்தது. 'வொர்க் இட்' நின்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

வானொலிப் பெட்டி:
அலி அஸ்கர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அப்பா பெண் வேடம் போடுவதை வைத்துப் பள்ளியில் தங்களைக் கிண்டல் செய்தார்கள் என்று 2022இல் ஒரு நடன நிகழ்ச்சியில் அவர் பிள்ளைகள் சொன்னார்கள். மனுஷன் மேடையிலேயே அழுதுவிட்டார். 'மாஷ்' என்ற பழைய அமெரிக்கத் தொடரில் ராணுவத்திலிருந்து தப்பிக்கப் பாவாடை கட்டும் கிளிங்கர் என்ற பாத்திரம் ஞாபகம் இருக்கிறதா? அதில் நடித்த ஜேமி ஃபார் பிற்பாடு அந்த உடையை விட்டதற்கும் பிள்ளைகளுக்குக் கிண்டல் வரக்கூடாது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். ரசிகனை விட்டுவிட்டு நடிகன் வீட்டைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

சாரல்:
நடிகர்களே விலகுகிறார்கள் என்றால் அதுவும் மாற்றம்தான். 'லிட்டில் பிரிட்டன்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடர் நினைவிருக்கிறதா? பெரிய கவுனோடு வந்து தான் ஒரு சீமாட்டி என்று அடம் பிடிக்கும் பாத்திரத்துக்கு ஒரு காலத்தில் பிரிட்டனே சிரித்தது. அதன் நடிகர்களில் ஒருவரான மேட் லூகாஸ், இப்போது எடுத்தால் அந்த மாதிரி நகைச்சுவையைச் செய்ய மாட்டேன் என்று 2017இல் சொன்னார். 2020இல் தொடரையே பிபிசி தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

ஒளிவட்டம்:
எடுத்தது எதற்காக? வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கறுப்பு மை பூசி நடித்ததற்காக. பெண் வேடத்துக்காக இல்லை. 2022இல் வெட்டி ஒட்டித் திரும்பப் போட்டார்கள், பெண் வேடங்கள் இருக்கின்றன. மறுபடியும் அதே தப்பைச் செய்கிறீர்கள். எங்கே ஒரு தொடர் நின்றாலும் அதைப் பாவாடைக் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். டப்பிங் திரியிலும் இதுதான் நடந்தது. ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு.

சாரல்:
நாற்பது பதிவு போட்டது யார் என்று அந்தத் திரியைத் திறந்து பாருங்கள். என்னுடையது பதினொன்று. மீதி யாருடையது?

டோப்பா மாமா:
ஒளவை சண்முகத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மீனலோசனி:
நான் கேட்டதற்கும் இல்லை. நான்கில் எது?

மட்டுறுத்துநர்:
பழைய திரிச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். தலைப்புக்குள் பேசுங்கள்.

ஒளிவட்டம்:
தலைப்புக்குள்தான் பேசுகிறேன், தலைப்பை வைத்தவனே நான்தான். கடைசியாக ஒரு முறை சொல்கிறேன். 1948இல் மில்டன் பெர்ல் கவுன் போட்டுக்கொண்டு அமெரிக்க டிவியில் வந்தார், ஜனங்கள் சிரித்தார்கள். 1970இல் ஃபிளிப் வில்சன் ஜெரல்டீன் என்ற பெண்ணாக வந்தார், சிரித்தார்கள். அந்த ஜெரல்டீன் யாருக்கும் பணியாத, சுயமரியாதை உள்ள பெண். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். 2013இலும் சிரித்தார்கள். பாத்திரம் நன்றாக இருந்தால் எந்தக் காலத்திலும் சிரிப்பார்கள். மோசமாக இருந்தால் இரண்டு எபிசோடில் நிற்கும்.

சாரல்:
இரண்டு எபிசோடில் நிற்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதைத்தான் நான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

ஒளிவட்டம்:
முழு வாக்கியத்தையும் படியுங்கள்! "மோசமாக இருந்தால்" என்று எழுதியிருக்கிறேன். காரணம் எழுத்து, வேடம் இல்லை.

வானொலிப் பெட்டி:
1948இல் சிரித்தவர்களும் 2013இல் சிரித்தவர்களும் ஒரே காரணத்துக்காகவா சிரித்தார்கள்?

சாரல்:
அவரிடம் கேட்காதீர்கள், மறுபடி மில்டன் பெர்லிலிருந்து ஆரம்பிப்பார். ஒளிவட்டம், ஒரே கேள்வி. 'வொர்க் இட்' எத்தனை எபிசோட் ஓடியது? எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

ஒளிவட்டம்:
எண்ணை நான் எப்போது மறுத்தேன்? இரண்டு. காரணத்தைத்தான் மறுக்கிறேன். 'புஸம் பட்டீஸ்' 37இல் வேடம் வருவது எத்தனை என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். உங்களால் முடியாது, பார்த்தே இருக்க மாட்டீர்கள். நான் 37ஐயும் உட்கார்ந்து பார்த்து எபிசோட் வாரியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். அந்தப் பட்டியல் இதே திரியில், உங்கள் பெயருக்குக் கீழேதான் வரும்.

சாரல்:
கொண்டு வாருங்கள். டப்பிங் திரியிலும் ஒரு பட்டியல் தருவதாகச் சொன்னீர்கள். எட்டு மாதம் ஆகிறது.