கர்னலின் மெமரி பிழைகளைப் பிடிக்கும் கேசான் போட்டும் சிக்காத பிட் பிழைகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

ராத்திரி_டீபக்

லினக்ஸ் 4.19 கர்னல், ஒரு நெட்வொர்க் டிரைவர். கம்பெனி பெயர் வேண்டாம். லோடு ஏறினால் எப்போதாவது "லிஸ்ட்_டெல் கரப்ஷன்" என்று, அதாவது ஒரு லிஸ்டின் பாயின்டர் கெட்டுவிட்டது என்று விழும். இருக்க வேண்டிய முகவரி, இருந்த முகவரி இரண்டையும் லாகிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். 16 இலக்கத்தில் 15 அச்சு அசல் அதேதான். கடைசி இலக்கம் மட்டும் 0 இருக்க வேண்டிய இடத்தில் 1. எட்டின் மடங்காக இருக்க வேண்டிய லிஸ்ட் பாயின்டர் ஒற்றைப்படையில் முடிவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

காரணம் 512 பிட் கொண்ட ஒரு பிட்மேப் (எந்த இடம் நிரம்பியது என்று பிட்டுக்குப் பிட் குறிக்கும் அட்டவணை), அதாவது சரியாக 64 பைட். பிட் எண்கள் 0 முதல் 511 வரை. எல்லா இடமும் நிரம்பினால், முதல் காலி பிட்டைத் தேடும் ஃபைண்ட்_ஃபர்ஸ்ட்_ஜீரோ_பிட் 512 என்று திருப்பும். அதைச் சோதிக்காமல் அப்படியே, பிட்டை 1 ஆக்கும் செட்_பிட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து ஆப்ஜெக்டின் முதல் பைட்டில் ஒரு பிட் எரிந்துவிட்டது, அதாவது 1 ஆகிவிட்டது.

இன்னும் உறுத்துவது இதுதான்: கேசானோடு பில்ட் செய்தால் ரிப்போர்ட்டும் இல்லை, கிராஷும் இல்லை! இடையில் கேசான் விடும் காவல் இடமான ரெட்ஜோன் வந்துவிடுவதால் அடி அதில் விழுந்து அடங்கிவிடும். "கேசான் கிளீன், அப்போ ஹார்ட்வேர்தான்" என்று ரேமை மாற்றச் சொன்னார் மேனேஜர். மாற்றவும் செய்தார்கள்.

பழைய_சி

அதில் ஆச்சரியமே இல்லை. கேசானின் சோதனைகளைச் சொருகுவது கம்பைலர். சி கோடில் நடக்கும் ரீட், ரைட்டுக்கு முன்னால்தான் அதனால் சொருக முடியும். எக்ஸ்86-இல் செட்_பிட் என்பது இன்லைன் அசெம்பிளி. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. 4.0-இல் கேசான் வந்ததிலிருந்து இந்த ஓட்டை இருந்தது. 2019-இல் மார்கோ எல்வர் எழுதிய பேட்ச் 5.3-இல் சேர்ந்த பிறகுதான் அடைபட்டது. பழைய செட்_பிட்டின் பெயர் ஆர்ச்_செட்_பிட் ஆனது, அதற்கு மேல் சோதனை செய்கிற ஒரு உறை வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எங்களுக்கு அது தலைவலியாக வந்து சேர்ந்தது. 5.4-க்கு மாறிய அன்று பூட் ஆகும்போதே ரிப்போர்ட்: "8 பைட் ரைட், ஸ்லாப் எல்லைக்கு வெளியே". ஷேடோ (எந்த பைட்டைத் தொடலாம் என்று கேசான் வைத்திருக்கும் குறிப்பு) வரிசையில் 00 00 04, அதாவது 8+8+4 பைட் சரி, அப்புறம் எஃப்சி எஃப்சி, அது ரெட்ஜோன். 20 பைட் ஸ்ட்ரக்ட், கடைசி ஃபீல்டு யு32 (4 பைட்) ஃபிளாக்ஸ். அதை அன்சைன்டு லாங் (8 பைட்) என்று காஸ்ட் செய்து செட்_பிட், பிட் எண் 2. எண் மாறிலி என்பதால் எக்ஸ்86 உண்மையில் தொடுவது ஒரே ஒரு பைட்டை, அதுவும் ஃபீல்டுக்கு உள்ளே. உறையோ முழு லாங்கையும் சோதித்துவிட்டுக் கத்துகிறது. சுத்தப் பொய் அலாரம். அந்த ஃபைலுக்கு மட்டும் மேக்ஃபைலில் கேசானை அணைத்தோம்.

மெயின்ஃபிரேம்_மாமா

@பழைய_சி, பொய் அலாரம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். செட்_பிட் கேட்பது அன்சைன்டு லாங் வரிசையை. நீங்கள் கொடுத்தது அதில் பாதி. எக்ஸ்86 உங்களை மன்னித்தது, அவ்வளவே.

இதே காஸ்ட் ஐபிஎம் மெயின்ஃபிரேமான எஸ்390-இல் என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) 64 பிட்டில் பிட் 0 இருப்பது எட்டாவது பைட்டில். முதல் நான்கு பைட்தான் உங்கள் யு32, ஆக பிட் விழுவது அடுத்த ஃபீல்டில். எங்களுக்கு அடுத்த ஃபீல்டு பாக்கெட் நீளம். 20 என்று வைத்தால் 21 என்று வாசிக்கும். ஃபிளாக்ஸை நேரடியாக ஆண்ட் போட்டுப் பார்த்தால் 0. எழுதியவர் இன்டெல் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டி, "என்னிடம் சரியாகத்தானே வருகிறது" என்பார். ஸ்ட்ரக்டின் நடுவில் இருந்ததால் கேசானும் வாய் திறக்கவில்லை. ஒரே ஆப்ஜெக்டுக்குள் பக்கத்து ஃபீல்டை மிதிப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஃபீல்டு கடைசியில் இருந்ததால் உங்களுக்கு இலவச எச்சரிக்கை கிடைத்தது. அதைப் போய் அணைத்திருக்கிறீர்கள்.

பழைய_சி

எங்கள் ஹார்ட்வேர் எக்ஸ்86 மட்டும்தான் மாமா. எஸ்390-க்கு விற்கப்போவதில்லை.

பேக்போர்ட்_பாண்டி

என் கதை சின்னது. இந்த உறையை 5.2-க்குக் கொண்டுவந்தேன். பில்டிலேயே, பில்ட் ஆன கோடைச் சோதிக்கும் ஆப்ஜ்டூலின் எச்சரிக்கை: யூசர் மெமரி அணுகல் திறந்திருக்கும் பகுதிக்குள் கேசான் ஃபங்ஷன் அழைக்கப்படுகிறதாம். அங்கே இருந்தது, சிபியுவில் ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் பூட்_சிபியு_ஹாஸ். அது உள்ளே டெஸ்ட்_பிட்டைக் கூப்பிடும், டெஸ்ட்_பிட்டுக்கும் இப்போது உறை உண்டு. ஒரிஜினல் தொடரிலேயே அதை ஸ்டேட்டிக்_சிபியு_ஹாஸ் ஆக்கும் பேட்ச் தனியாக இருக்கிறது. ஒரு பேட்சை மட்டும் பொறுக்கி எடுத்தால் இப்படித்தான்.

சரி, புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம். கேசான் பொதுவாக முதல் ரிப்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஒன்றைத் திருத்தியதும் "முடிந்தது" என்று நினைக்காதீர்கள், பூட் வரியில் கேசான்_மல்டி_ஷாட் போடுங்கள். பிட்மேப்புக்கு எட்டால் வகுத்து கேமலாக் (மெமரி ஒதுக்கீடு) செய்யாதீர்கள், பிட்மேப்_இஸட்அலாக் எதற்கு இருக்கிறது? ஸ்ட்ரக்டுக்குள் என்றால் டிக்ளேர்_பிட்மேப். கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கை ஷேடோவுக்கு எடுத்துக்கொள்ளும், சின்ன போர்டில் ஓட்டுகிறவர்கள் அதைக் கணக்கில் வையுங்கள். பிட் எண் மிகப் பெரியதாக இருந்தால் ரெட்ஜோனைத் தாண்டிக் குதித்து வேறொரு உயிருள்ள ஆப்ஜெக்டில் போய் இறங்கும், அப்போதும் ரிப்போர்ட் வராது. என்ட்ரி கோடில் (கர்னலுக்குள் நுழையும் இடத்துக் கோடு) இருக்கிறவர்கள் ஆர்ச்_ முன்னொட்டு உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும், அங்கே உறை கூடாது. ரிவ்யூ செய்யும்போது அன்சைன்டு லாங் ஸ்டார் என்ற காஸ்டை கிரெப் செய்து பாருங்கள், பாதி பிழை அங்கேயே சிக்கும்.

ராத்திரி_டீபக்

@பாண்டி அண்ணே, நான் அட்வைஸ் கேட்கவே இல்லையே :)

ஒத்தை_பிட்டு

புதிய கர்னலிலும் நழுவும். 5.10-இல் நடந்தது. ஐடி ஒதுக்கீடு தோற்று -28 (இடமில்லை என்ற பிழை எண்) வந்திருக்கிறது. கிளீனப் பாதை அதையே, பிட்டை அணைக்கும் கிளியர்_பிட்டுக்குக் கொடுத்தது. பிட்மேப் தனி கேமலாக். கேசான் மூச்சே விடவில்லை.

உறை சோதிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க எண்ணை 64-ஆல் வகுக்கிறது. சியில் -28ஐ 64-ஆல் வகுத்தால் 0. ஆக அது பார்த்தது பிட்மேப்பின் முதல் லாங்கை, அது நல்ல மெமரி. ஆனால் கீழே பிட்டை உண்மையில் அணைக்கும் லாக் பிடிஆர் என்ற சிபியு கட்டளை பின்னால் போகும்: முந்தைய 8 பைட்டில் 36-வது (64 - 28) பிட். கர்னலில் அடிக்கடி வரும் பிழை எண்களை எண்ணிப் பாருங்கள்: 12, 16, 22, 28. எல்லாம் 64-க்குள், எனவே வகுத்தால் எல்லாமே 0-தான்.

கேசான் இல்லாத பில்டில் அந்த 8 பைட் முந்தைய ஆப்ஜெக்டின் பாயின்டர். பூட்டுக்குப் பூட் கர்னல் முகவரிகளை மாற்றும் முகவரி குலுக்கலை அணைத்து வைத்திருந்தோம். அப்போது அந்த பாயின்டரில் 36-வது பிட் எரிந்திருக்க, அது காட்டும் மெமரி 64 ஜிபிக்கு மேலே இருக்க வேண்டும். என் டெஸ்ட் மெஷின் 32 ஜிபி. ஏற்கனவே 0 இருக்கும் பிட்டை அணைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வாடிக்கையாளரின் 256 ஜிபி சர்வரில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் கிராஷ் டம்பில் இருக்க வேண்டிய முகவரி, இருந்த முகவரி இரண்டையும் கழித்தேன், வித்தியாசம் சரியாக 64 ஜிபி. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

மெயின்ஃபிரேம்_மாமா

உறையில் வகுப்பதற்குப் பதில் வலது ஷிஃப்ட் (-28-க்கு -1 தரும்) இருந்திருந்தால் இது சிக்கியிருக்கும், இல்லையா?

ஒத்தை_பிட்டு

சிக்கியிருக்கும். நான் லோக்கலில் அப்படி மாற்றித்தான் மற்ற இடங்களைத் தேடினேன். அதே டிரைவரில் இன்னொன்றும் கிடைத்தது, அது -22.