சுவாலைச் சோதனையில (உப்பை நெருப்பில பிடிச்சு, வாற நிறத்தால உலோகத்தைக் கண்டுபிடிக்கிறது) உங்களுக்கு மறக்காத நிறம் எது?

உப்புவெளியான்:
ஏ.எல். செயன்முறை. தெரிஞ்ச சாமான்தான்: நிக்ரோம் கம்பி, ஐதரோகுளோரிக் அமிலம், பன்சன் அடுப்பு. எனக்குத் தந்த உப்பு பிடிச்ச உடனே மஞ்சள். கம்பியைத் திரும்பத் திரும்ப அமிலத்தில கழுவினாலும் மஞ்சள். பக்கத்து மேசைக்காரன் சோடியம் எண்டு எழுதி முடிச்சிட்டான். ரீச்சர் ஒண்டும் பேசாம நீலக் கண்ணாடித் துண்டொண்டை என்ட கையில வச்சா. அதுக்குள்ளால பார்த்தா மஞ்சள் முழுக்கக் காணாமப் போச்சு, சுவாலைட ஓரத்தில மட்டும் செம்மை கலந்த ஊதா ஒருக்கா எழும்பி அடங்கிச்சு. பொற்றாசியம். கலந்திருந்த துளி சோடியத்திட மஞ்சள்தான் அதை மறைச்சிருக்கு. அதுக்குப் பிறகு மஞ்சளை நான் நம்பிறதில்ல.

கிண்ணியா நானா:
எனக்கு ஆய்வுகூடமில்ல, ரோட்டுதான். மஹ்ரிபுக்குக் கிட்ட, பழைய இரும்புக்கடைக்குப் பின்னால பொடியனுகள் வயர் எரிச்சு செம்பு எடுக்கிறானுகள். நுனியெல்லாம் பச்சை, உள்ளுக்க நீலம். பின்சீற்றில இருந்த மகள் கேட்டா, "வாப்பா, இந்த நெருப்புக்கு என்ன வருத்தம்?" செம்பு எண்டு சொல்லிட்டு வந்துட்டன். இப்பவும் கேஸ் அடுப்பைப் பத்த வச்சா எட்டிப் பார்க்கிறா.

மூதூர்க் கெமிஸ்ட்ரி:
நானா, பாதிதான் சரி. செம்போட சேர்ந்து வயர் உறையும் எரியுது. உறை பிவிசி எண்ட பிளாஸ்டிக், அதில குளோரின் இருக்கு. சூட்டில செப்புக் குளோரைட்டு ஆவியாகித்தான் அந்த நீலப்பச்சை. இதையே பைல்ஸ்டைன் எண்ட இரசாயனவியலாளர் 1872ல சோதனையாக்கி வச்சார்: செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, சேதனப் பொருளை (காபன் சேர்வை) தொட்டுச் சுவாலையில பிடிக்க, பச்சை வந்தா குளோரினோ புரோமினோ அயடினோ இருக்கு. புளோரினுக்கு மட்டும் சரிவராது. இப்ப முக்கியமான விசயம். அந்தப் புகையில ஐதரசன் குளோரைட்டு இருக்கு, டயொக்சின் எண்ட நஞ்சும் இருக்கு. புகை போற பக்கம் நிக்காதீங்க, பிள்ளையை இறக்கவே இறக்காதீங்க. பொடியனுகளுக்குச் சொல்லுங்க, கத்தியால உறையை உரிச்சாலும் அதே செம்புதான் வரும், நேரம்தான் கூட. வீட்டில வானவில் நெருப்பு காட்டுறன் எண்டு யூடியூப் பார்த்து மெதனோல் ஊத்துறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றன்: எரியிற நெருப்புக்குப் போத்தலால ஊத்தினா தீ போத்தலுக்குள்ள பாயும். வெளிநாட்டில வகுப்பறையிலயே பிள்ளைகள் எரிஞ்சிருக்கு.

கிண்ணியா நானா:
தம்பி, நாங்க இறங்கவே இல்ல.

புல்மோட்டைப் பொடியன்:
நம்மட கறுப்பு மணலைப் பிடிச்சுப் பார்த்தன். இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன் எண்டு கப்பலேத்திற மணல். பெரிசா ஏதோ வரப்போகுது எண்டு லைட்டையும் நூத்துட்டு நிண்டா, மஞ்சள். கடலுப்பு! நல்ல தண்ணியில அலசிக் காயவச்சுத் திரும்பப் பிடிக்க, மணல் சும்மா சிவந்து கிடந்திச்சு. டைட்டேனியத்துக்கும் சிர்க்கோனியத்துக்கும் இந்தச் சோதனையில அடையாள நிறம் இல்ல, மணலும் அந்தச் சூட்டுக்கு ஆவியாகாது எண்டு பிறகு சேர் சொன்னார். அதை முதலே சொல்லியிருக்கலாம்.

திருமலை வாத்தி:
உப்புவெளித் தம்பிக்கு ஒரு மறுப்பு. நீலக் கண்ணாடி சோடியத்திட 589 நானோமீற்றர் மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். ஒண்டுக்கு மேல உலோகம் கலந்திருந்தா ஒளியைப் பிரிச்சு, ஒவ்வொரு உலோகத்துக்கும் உரிய நிறக் கோட்டைப் பார்க்கவேணும். ஜேர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கேர்ச்சோவும் 1860ல அங்கத்தைய டியூர்க்கைம் ஊற்றுத் தண்ணியில ரெண்டு நீலக் கோட்டைக் கண்டுதான் சீசியம் எண்ட புது உலோகத்தை அறிவிச்சாங்க. உப்பைப் பிரிச்செடுக்க 40 தொன்னுக்கு மேல தண்ணி வத்த வச்சிருக்காங்க. அந்த ஆசையில நானும் கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணியை ஒரு சட்டி வத்த வச்சு, அடியில படிஞ்சதைக் கம்பியில எடுத்து, மட்டையில கீறின பிளவாலயும் பழைய சீடியாலயும் ஒளியைப் பிரிச்சுப் பார்த்தன். அடுப்புட சொந்தப் பச்சை நீலப் பட்டி, நடுவில ஊசி மாதிரி ஒரு மஞ்சள் கோடு. வேற ஒண்டுமில்ல. ஒரு சட்டிக்கு அவ்வளவுதான் போல.

உப்புவெளியான்:
சேர், எந்தக் கிணத்துத் தண்ணி? ஏழும் ஒரே சூடில்லையே.