அசல் ஃபேமிகாமில் மாரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்?

செந்தூல்_மாரியோ:

வணக்கம் நண்பர்களே. கேள்வி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம்.

1993 தீபாவளிக்கு அப்பா மைக்ரோ ஜீனியஸ் வாங்கித் தந்தார், டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் பெட்டி. எனக்கு வந்த அங்பாவ் (பண்டிகைக்குத் தரும் பண உறை) எல்லாவற்றையும் எண்ணி அவர் கையில் கொடுத்தேன், முப்பத்து நாலு வெள்ளியோ என்னவோ, மீதியை அவர் போட்டார். அதற்கப்புறம் நாலைந்து வருஷம் எங்கள் மாடிப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டு ஹாலில்தான் கிடந்தார்கள். மாரியோ, கான்ட்ரா, பேட்டில் சிட்டி மூன்றும் ஒரே கேசட்டில். மேலே '168 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டம் இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் அதே மாரியோ வேறு வேறு பெயரில்.

அப்புறம் எல்லோருக்கும் போலத்தான். படிவம் நான்கில் பிளேஸ்டேஷனும் வின்னிங் லெவனும், எஸ்பிஎம் (மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததும் சைபர் கஃபேயில் விடிய விடிய கவுன்டர் ஸ்ட்ரைக், வேலைக்குப் போய் முதல் போனஸில் பிளேஸ்டேஷன் 2. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்போது என் மகன் ஸ்விட்ச்சில் மாரியோ ஆடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழைய அரிப்பு திரும்பிவிட்டது. ஜப்பானிலிருந்து ஓர் அசல் ஃபேமிகாம் வரவழைத்தேன். 1983-இல் வந்த சிவப்பு வெள்ளைப் பெட்டி இல்லை, 1993-இல் வந்த ஏவி மாடல், சாதாரண மஞ்சள் வெள்ளை வயர் போட்டாலே படம் வரும் என்றார்கள். கூடவே அசல் சூப்பர் மாரியோ கேசட். அண்ணன் வீட்டு ஸ்டோர் அறையில் கிடந்த பழைய ட்யூப் டிவியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். படம் அருமை, நிறம் அருமை.

ஆனால் மாரியோ வேகமாக ஓடுகிறான். சும்மா சொல்லவில்லை. பாட்டும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல அவசரமாகக் கேட்கிறது. சின்ன வயதில் 1-2 என்ற இரண்டாவது கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பேன், இப்போது முதல் கட்டமான 1-1-லேயே முதலில் வரும் எதிரி கூம்பா மேல் போய் முட்டிச் சாகிறேன். குதிக்க வேண்டிய இடம் வருவதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது. "வயசாச்சுல்ல" என்கிறாள் மனைவி. மெஷின் கோளாறா, கேசட் கோளாறா, இல்லை 41 வயது விரல் கோளாறா? திருப்பி அனுப்ப இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.


கோப்பி_ஓ:

கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிப் பாருங்கள் அண்ணே.


ஈயக்கம்பி_பட்டர்வொர்த்:

திருப்பி அனுப்பாதீர்கள், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் விரலும் நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு வேகத்தில் பழகிய விரல், அவ்வளவுதான்.

நம் நாட்டு டிவி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 தடவை திரையை வரையும். ஜப்பானில் என்டிஎஸ்சி (NTSC) முறை, 60 தடவை. அந்தக் காலத்து ஆட்டங்கள் நொடியைப் பார்த்து ஓடுவதில்லை, திரை எத்தனை தடவை வரையப்பட்டது என்பதை எண்ணித்தான் ஓடும். மாரியோ ஒரு தடவைக்கு இத்தனை தூரம் நகர வேண்டும், பாட்டில் இந்தச் சுரம் இத்தனை தடவைக்கு நீள வேண்டும் என்றுதான் கணக்கு. அதே கேசட்டை 50-இல் ஓடவிட்டால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். மைக்ரோ ஜீனியஸ் தைவான் சரக்கு. நம் பக்கம் வந்த மாடல்கள் பெரும்பாலும் பால் டிவிக்கென்றே செய்தவை. ஐரோப்பாவுக்கு நின்டெண்டோவே விட்ட மாரியோவில் இதற்காக வேகத்தை மாற்றி எழுதினார்கள், நம் 168 இன் 1 போட்டவருக்கு அந்தக் கவலையெல்லாம் ஏது? ஜப்பான் மாரியோவை அப்படியே அடித்து விற்றார். ஆக, நீங்கள் ஐந்து வருஷம் ஆடியது மெதுவாக ஓடிய மாரியோ. இப்போது முதல் தடவையாக அதன் சொந்த வேகத்தைப் பார்க்கிறீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பார்க்கலாம். 1-1-ஐ ஆரம்பித்துவிட்டு ஒரு பட்டனையும் தொடாதீர்கள். மாரியோ அதே இடத்தில் நிற்கட்டும். மேலே டைம் 400 இருக்கும் இல்லையா? அது நொடி கிடையாது. 24 தடவை திரை வரைந்தால் ஒன்று குறையும். 60-இல் ஓடினால் 400 தீர 2 நிமிஷம் 40 நொடி, 50-இல் ஓடினால் 3 நிமிஷம் 12 நொடி. கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். பழைய மைக்ரோ ஜீனியஸ் இன்னும் இருந்தால் அதிலும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று, படம் நிறத்தோடு வருகிறது என்றால் உங்கள் அண்ணன் டிவி இரண்டு முறையையும் பிடிக்கும் டிவி. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பால் மட்டும் பிடிக்கும் டிவியாக இருந்திருந்தால் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டிருக்கும்.


லோரோங்கூலிட்_அண்ணன்:

தம்பி ஈயக்கம்பி சொன்னது சரி. வேகக் கதையை அவரிடம் விட்டுவிடுகிறேன், நான் வேறு ஒன்றுக்காக வந்தேன். கரண்டுக்கு என்ன அடாப்டர் போட்டிருக்கிறீர்கள்? பதில் எழுதும்வரை அதைச் சுவரில் செருகாதீர்கள்.

பினாங்கில் பழைய சாமான் பொறுக்குகிறவன் நான், பதினைந்து வருஷமாக ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. (வீட்டில் இரண்டு அலமாரி இதற்கு மட்டும், மூன்றாவதுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.) முதல் ஃபேமிகாம் வாங்கியபோது அதோடு ஜப்பான் அடாப்டரும் வந்தது. ஜப்பானில் 100 வோல்ட், நம் சுவரில் வருவது 240. விற்றவர் "பின் மாற்றும் பிளக் போட்டால் போதும் பாஸ்" என்றார், நானும் பிளக் போட்டேன். பத்து நொடிகூட இருக்காது, ரப்பர் எரிந்த வாசனை, அப்புறம் ஒரு 'டப்'. அடாப்டர் போனது, நல்ல வேளை பெட்டி பிழைத்தது. பிளக் மாற்றும் துண்டு வோல்டேஜை மாற்றாது. இது தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வெள்ளி ஆனது.

ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், இதில் முக்கியம் நடுமுனை நெகட்டிவ். இப்போது கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். லேபிளில் சின்ன வட்டப் படம் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். மைக்ரோ ஜீனியஸைத் திரும்ப எடுத்தாலும் அதன் அடியில் இருக்கும் லேபிளைப் பாருங்கள், நகல் பெட்டிகளில் இது மாடலுக்கு மாடல் மாறும்.

கேசட் வேலை செய்யாவிட்டால் ஊதாதீர்கள். எல்லோரும் ஊதினோம், நானும் ஊதினேன், உண்மையில் வேலை செய்தது ஊதியது இல்லை, எடுத்துத் திரும்பப் போட்டதுதான். எச்சில் ஈரம் பட்டுச் செம்பு பச்சை பிடிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து முனைகளைத் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வருவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு எல்லாவற்றையும் மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பிளேஸ்டேஷன் சிடிகளைக் கண்டிப்பாக. என் பழைய வின்னிங் லெவன் சிடியில் பூஞ்சை வரைபடம் போல் படர்ந்துவிட்டது.

அப்புறம் அந்த மைக்ரோ ஜீனியஸ். சேகரிக்கிறவர்கள் நிறையப் பேர் அதை 'போலி' என்று தள்ளிவிடுவார்கள், இந்தக் குழுவிலேயே அப்படி எழுதியவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. ஜப்பான்காரர் அலமாரியில் வேண்டுமானால் அது போலி. செந்தூல் பிளாட்டில் எந்தப் பிள்ளையிடம் அசல் இருந்தது? விற்காதீர்கள்.


ஸ்டீம்_தம்பி:

அண்ணன்மார்களே, கோபப்படாமல் கேளுங்கள். அடாப்டர், ஆல்கஹால், இரண்டு பேர் தூக்கும் டிவி, இதெல்லாம் எதற்கு? மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய பெட்டி போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போடுங்கள். மெசன் என்ற எமுலேட்டரில் ரீஜன் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே என்டிஎஸ்சி, பால் இரண்டுக்கும் கீழே 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். டெண்டி 1992-இல் ரஷ்யாவில் விற்ற தைவான் நகல், உங்கள் மைக்ரோ ஜீனியஸ் குடும்பம்தான். அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சின்ன வயது வேகம் அப்படியே வந்துவிடும், செலவு சுழியம். நான் 2003-இல் பிறந்தவன், இந்த ஆட்டங்களை எல்லாம் இப்படித்தான் ஆடினேன், ஒரு குறையும் தெரியவில்லை.


பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:

தம்பி, உனக்குக் குறை தெரியாது, நீ இரண்டாவது கன்ட்ரோலரில் ஆடியதில்லை.

எங்கள் வீட்டில் அண்ணனுக்குத்தான் முதல் கன்ட்ரோலர், எட்டு வருஷம் எனக்கு இரண்டாவதுதான். மாரியோவில் அவன் சாகும்வரை காத்திருக்க வேண்டும், அவனோ சாகமாட்டான். அதனால்தான் எனக்கு பேட்டில் சிட்டி பிடித்தது, 1985-இல் நாம்கோ போட்ட ஆட்டம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம். அதில் என் டேங்க் சுட்டு அண்ணன் டேங்கில் பட்டால் அவன் சாகமாட்டான், ஆனால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டே நிற்பான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் ஆடினேன். எதிரி டேங்க் கழுகை நோக்கி வரும், அண்ணன் "விடுடி விடுடி" என்று கத்துவான், நான் நிதானமாக இன்னொரு குண்டு போடுவேன். கழுகு போகும், ஆட்டம் முடியும், அம்மாவிடம் புகார் போகும். இப்போது அவனுக்கு 46 வயது, போன பொங்கலுக்குக்கூட இதைச் சொல்லிக் காட்டினான்.

எனக்கும் ஒரு கேள்வி. எங்களிடம் இன்னும் அந்தத் துப்பாக்கி இருக்கிறது, டக் ஹன்ட் கேசட்டும் இருக்கிறது. புது டிவியில் ஒரு வாத்துகூட விழமாட்டேன் என்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?


ஈயக்கம்பி_பட்டர்வொர்த்:

அக்கா, துப்பாக்கி அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். அது ஒன்றையும் சுடுவதில்லை, முனையில் வெளிச்சம் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் அந்தக் கணத்திலேயே கண்ணில் பட்டால்தான் வாத்து விழும். ட்யூப் டிவி உடனே காட்டும். புது டிவி படத்தை வாங்கி, சரிபார்த்து, அப்புறம்தான் காட்டுகிறது, அதற்குள் நேரம் தவறிவிடும். செந்தூல் அண்ணனுடைய அண்ணன் டிவி போல ஒன்றைப் பிடியுங்கள்.

ஸ்டீம் தம்பிக்கு: நீ சொன்ன செட்டிங் சரியானதுதான், அதில் சண்டை இல்லை.


செந்தூல்_மாரியோ:

எல்லோருக்கும் நன்றி. அடாப்டர் பற்றிக் கேட்டீர்களே லோரோங் கூலிட் அண்ணே, நல்ல வேளை நான் ஏற்கெனவே இங்கே 240-க்கு வாங்கியதுதான் போட்டிருந்தேன், லேபிளில் நடுமுனை நெகட்டிவ் என்றும் பார்த்துவிட்டேன், நிம்மதி.

சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் தேடினேன். மைக்ரோ ஜீனியஸ் ஒரு மைலோ டின் பெட்டிக்குப் பின்னால், பழைய பள்ளிப் பையில் சுற்றி இருந்தது. கேசட் போடும் வாயில் கரப்பான் முட்டை. 'ஏ' பட்டனில் என் கட்டைவிரல் தேய்த்த பளபளப்பு அப்படியே இருக்கிறது, 'டர்போ ஏ' பட்டன் உள்ளே அமுங்கியே போயிருக்கிறது, அது பக்கத்து வீட்டுப் பையன் வேலை. மூன்று பஞ்சு கறுப்பான பிறகு படம் வந்தது.

ஸ்டாப்வாட்ச் வைத்தேன். ஃபேமிகாம்: 2:40, என் விரல் தாமதத்தோடு 2:41. மைக்ரோ ஜீனியஸ்: 3:12. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் 3:12-ஐ ஒட்டித்தான் வந்தது. டைம் நூறுக்கு வந்ததும் பாட்டு வேகமாகும் இல்லையா, மைக்ரோ ஜீனியஸில் அந்த அவசரப் பாட்டைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஃபேமிகாமில் சாதாரணமாக வரும் பாட்டே எனக்கு அந்த மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் ஆடினேன். 1-2 ஒரே மூச்சில், 4-2 வரைக்கும் மூன்று உயிரோடு. மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது லேக் ஆகுது" என்றான். அவன் ஃபேமிகாமில் 1-4-ஐ முடித்துவிட்டான், அதில் நான் இன்னும் 1-3-இல் விழுந்துகொண்டிருக்கிறேன். ஆக வீட்டில் இரண்டு மாரியோ, அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று. திருப்பி அனுப்பவில்லை.

ஒரே சிக்கல், டிவியில் ஏவி ஓட்டை ஒரு ஜோடிதான் இருக்கிறது, இரண்டு பேரும் மாற்றி மாற்றி வயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். பட்டன் அழுத்தினால் மாறும் அந்தப் பழைய ஏவி சுவிட்ச் பெட்டி யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? கேஎல் பக்கம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.


கோப்பி_ஓ:

என்னிடம் ஒன்று இருக்கிறது அண்ணே, கெப்போங் வருகிறேன். ஆனால் எனக்கும் ஒரு ரவுண்டு வேண்டும், மெதுவாக ஓடும் பெட்டியில்.