அம்மாவைப் பகல்ல பார்த்துக்க ஆள் வேணும் (சேலம், சிவதாபுரம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்கு 71 வயசு. நாப்பது வருஷம் கொலுசுக்குச் சலங்கை கோர்த்தவங்க. இப்ப முந்தானை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, கையில ஒண்ணுமே இல்லாம விரல் கோர்த்துக்கிட்டே இருக்கு. என் பேர் மறந்துபோச்சு, அந்த வேலை மறக்கல.

அல்சைமர்ங்கிற மறதி நோய்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. மூளையில புது நினைவைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதி ஆரம்பத்துலயே பாதிக்கப்படுமாம். அதனாலதான் காலையில சாப்பிட்ட இட்லி ஞாபகமில்ல, சின்ன வயசுல இருந்த வாழப்பாடி வீடு மட்டும் அப்படியே இருக்கு. போன வாரம் விடியக்காலம் அந்த வீட்டுக்குத்தான் கிளம்பிட்டாங்க. பஸ் ஸ்டாப்ல பூக்கார அக்கா ஒருத்தங்க பிடிச்சு உட்கார வெச்சிருந்தாங்க. அவங்க நல்லா இருக்கணும்.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்"னு சொந்தக்காரங்க சொல்றாங்க. தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க, இது நோய். நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் மாதிரியான மறதி நோய்கள்) இருக்குன்னு 2023-ல வந்த ஆய்வு மதிப்பிடுது. எத்தனை வீட்டுல மகளோ மருமகளோ வேலையை விட்டிருப்பாங்க! நானும் அந்த நிலைமைக்கு வந்துட்டேன்.

காலை 9 மணியில இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் கூட இருக்க, பொறுமையான அக்கா யாராவது தெரியுமா? வீட்டுவேலை எதுவும் வேண்டாம். அம்மா ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும் முகம் சுளிக்காம பதில் சொன்னா போதும். சம்பளம் பேசிக்கலாம். சூரமங்கலம், அஞ்சு ரோடு பக்கம் பகல்நேரக் காப்பகம் இருந்தாலும் சொல்லுங்க. இதே கஷ்டத்துல இருக்கறவங்க இன்பாக்ஸ்ல வாங்க, ராத்திரி பத்துக்கு மேல கண்டிப்பா பதில் போடறேன்.