நொதியின் ‘ஃபிளெக்சிபிலிட்டி’: நெகிழ்ச்சியா, நெகிழ்மையா, நுடக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு,

முதுநிலை உயிர்வேதியியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நொதியின் (என்சைமின்) ஃபிளெக்சிபிலிட்டிக்கு ‘நெகிழ்ச்சி’ என்று போட்டேன், உறுத்துகிறது. அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான்களில் நொதி இயங்குவது பற்றிய பகுதி அது; ‘மடிப்பு’ என்பது புரதத்தின் மடிந்த வடிவம். இடறும் வரி இது: “அசிட்டோநைட்ரைல் நொதியைப் போர்த்திய நீரைப் பறிக்கிறது, மடிப்பு குலைவதில்லை, நெகிழ்ச்சி குறைகிறது, வினைவேகம் சரிகிறது.”
— செ.

---

செ. ஐயா,

உறுத்தத்தான் செய்யும். சங்கப் பாட்டில் வளை நெகிழும், தொடி நெகிழும். பிடி தளர்ந்து கழல்வதுதான் அது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் நொதி கரைந்து மடிப்பவிழ்கிறதே, அதற்கல்லவா அந்தச் சொல் பொருந்தும்? உங்களுக்கு வேண்டியது மடிப்புக் குலையாமல் அசையும் தன்மை. கொடி நுடங்கும், இடை நுடங்கும். தொடங்கு–தொடக்கம் போல நுடங்கு–நுடக்கம்.
— பா.

---

> நுடங்கு–நுடக்கம்

ஓரெழுத்து பிசகினால் ‘நொதி முடக்கம்’! தேர்வுத்தாளில் அதை நொதித் தடுப்பு என்றே படிப்பார்கள். ‘நெகிழ்மை’ போதும். ‘சி’ விகுதி நிகழ்வுக்கு, ‘மை’ விகுதி பண்புக்கு.
— ம.

---

அப்படியானால் மகிழ்ச்சி நிகழ்வா, பண்பா? ‘வாராமை’யில் மை தொழிற்பெயருக்கு வரவில்லையா? விகுதியை வைத்து வேதியியலைப் பிரிக்க முடியாது, அம்மா.
— பா.

---

இலங்கைப் பாடநூல்களில் நொதிக்கு நொதியம், கரிமக் கரைப்பானுக்குச் சேதனக் கரைப்பான் என்றுதான் இருக்கிறது. அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.
— த.

---

சேதனமா? அறிவுள்ள கரைப்பானோ!
— பா.

---

இழை எங்கோ போகிறது. சொல் எதைத் தாங்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம்.

ஹெக்சேன் என்ற கரைப்பானின் லாக் பி மதிப்பு (நீரைவிட எண்ணெய்ப்பசையை எவ்வளவு நாடும் என்ற மடக்கை அளவு) சுமார் 3.5. நீரோடு சேராது, ஆகவே நொதியின் மேலுள்ள நீரை விட்டுவைக்கும். அசிட்டோநைட்ரைலுக்கு அது சுழிக்கும் கீழே, நீரை இழுத்துக்கொள்ளும். அங்கே நொதி இயங்க நீரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் நொதித்தூள் கட்டிதட்டி, வினைபடுபொருள் உள்ளே போகாது. மின்காப்பு மாறிலி (மின்னேற்றங்களின் ஈர்ப்பை ஊடகம் எவ்வளவு தணிக்கும் என்ற அளவு) நீரில் சுமார் 80, ஹெக்சேனில் 2க்கும் கீழே. அதனால் நொதியில் எதிரெதிர் மின்னேற்றமுள்ள பக்கத்தொடர்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. நீர்தான் அந்தப் பிடியைத் தளர்த்தும். உலர்ந்த அப்பளம் ஈரம் பட்டதும் வளைகிற மாதிரி.

1984இல் ஜாக்ஸ், கிளிபானோவ் என்ற ஆய்வாளர் இருவரும் பன்றிக் கணைய லைப்பேசை (கொழுப்பைச் சிதைக்கும் நொதி) வைத்துக் காட்டியதும் இதுதான். உலர்ந்த லைப்பேசு 100 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் தாங்கியது, வேலையும் செய்தது. ஆனால் பருத்த மூவிணைய ஆல்ககாலை ஏற்கவில்லை. ஈரமான லைப்பேசு ஏற்றது. வெப்பத்தைத் தாங்குவதும் பருத்ததை மறுப்பதும் ஒரே விறைப்பின் இரு முகம். ‘விறைப்பு’க்கு எதிராக நிற்கும் சொல்லே வேண்டும், மடிப்பு அவிழ்வதற்கு ‘இயல்பிழப்பு’ தனியே இருக்கிறது. இரண்டையும் கலந்தால், அசிட்டோநைட்ரைலில் வேகம் சரிந்ததுமே நொதி செத்துவிட்டது என்று மாணவர் எழுதுவார். மறுபடி நீர் சேர்த்தால் வேகம் ஏறும் என்பது அவருக்குப் புரியாது.
— க.

---

நன்றி, க. அவர்களே. நெகிழ்மை × விறைப்பு என்று போடுகிறேன். ‘நெகிழ்ச்சி’யை நீக்குகிறேன். மூவர் ஆதரவு, மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் போல.
— செ.

---

நெகிழ்மை என்றால் பிளாஸ்டிக் நெகிழியின் தன்மை என்றுதான் படிப்பார்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். ‘நுடங்கு’ பற்றித் தனி மடல் வருகிறது.
— பா.