சலூனில் அறை வாடகைக்கு எடுத்து 8 மாதம்: என் கதை இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

அழகுக்கலைப் படிப்பு முடித்து, சான்றிதழ் கைக்கு வந்த மூன்றாவது வாரமே ஒரு சலூனின் பின்பக்க அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். எங்கேயும் வேலைக்குப் போகாமல் நேராக இப்படி இறங்கியது சரியா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறை பார்க்கப் போன அன்று சலூன் நிரம்பி வழிந்தது. நாற்காலி எல்லாவற்றிலும் ஆள், காத்திருக்கும் சோபாவில் இன்னும் நான்கு பேர். பார்த்ததுமே மனசுக்குள் கணக்கு ஓடியது, இதில் பத்தில் ஒருத்தர் என் அறைக்குள் வந்தால் போதுமே என்று. உரிமையாளர் அக்காவும் "ஃபேஷியலுக்கு ஆள் இல்லைன்னு எங்க கஸ்டமர் கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா, நீ வந்தா நல்லா இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சும்மா பேச்சு, நான்தான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

முடி வெட்ட வருகிறவர் முடி வெட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார். அவருக்கு நேரம் அளந்து வைத்தது, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். முதல் மாதம் என் படுக்கையில் படுத்தவர்கள் மொத்தம் 11 பேர், அதில் 5 பேர் என் கூடப் படித்தவர்களும் சொந்தக்காரர்களும். மீதி நேரமெல்லாம் விரிப்பை மடித்தேன், திரும்ப விரித்தேன், பஞ்சு உருண்டைகளை அளவு பார்த்து அடுக்கினேன். வாடகை மட்டும் யார் வந்தாலும் வராவிட்டாலும் 1ஆம் தேதி வந்து நின்றது.

அறை பார்க்கப் போனபோது இரண்டு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஒன்று, உள்ளே குழாய் இல்லை. முகத்தில் மாஸ்க் போட்டு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, முடி வெட்டுகிற இடத்தைத் தாண்டி, தலை அலசும் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வரவேண்டும். அங்கே யாராவது தலையைச் சாய்த்துப் படுத்திருந்தால் காத்திருக்க வேண்டும். இரண்டாவது மின்சாரம். என் ஸ்டீமர், வாக்ஸ் ஹீட்டர், துண்டு சூடாக்கும் பெட்டி எல்லாமே வெளியே இருக்கும் ட்ரையர்களின் அதே லைனில் இருந்தது. ஒரு ட்ரையரே 1,500 முதல் 2,000 வாட்ஸ் வரை இழுக்கும்.

எனக்கு முன்பின் தெரியாத முதல் கஸ்டமர், கண்ணில் ஈரப் பஞ்சு வைத்திருக்கிறேன், ஆவி போய்க்கொண்டிருக்கிறது, மூக்கோரம் கரும்புள்ளி எடுக்கப் பூதக்கண்ணாடி விளக்கைக் குனிந்து இழுத்த அதே நொடியில் வெளியே இரண்டு ட்ரையர் ஒன்றாக ஓட, டப்பென்று எல்லாம் இருட்டு. ஸ்டீமர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த அம்மா பஞ்சை எடுக்காமலே "இதுவும் ஃபேஷியல்ல வர்றதாம்மா?" என்று கேட்டார். போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மீதியை முடித்தேன் (கையுறை போட்ட கையால் போனைத் தொட்டுவிட்டு, அப்புறம் அந்தக் கையுறையை மாற்றினேன், அந்தப் பதற்றத்திலும் அது ஞாபகம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை). அவர் இன்றுவரை வருகிறார்.

சரி, இப்போது என் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் சலூனின் பழைய கஸ்டமர் ஒருவர் ஃபேஷியலுக்கு வந்தார். பிடித்துப்போய் என் நம்பர் கேட்டார், கொடுத்தேன். அடுத்த முறை நேராக என்னிடமே நேரம் வாங்கிக்கொண்டு வந்தார், கூடவே தங்கையையும் அழைத்து வந்தார். அன்று சாயங்காலம் அக்கா முகமே சரியில்லை. "என் கஸ்டமரை நீ தனியா எடுத்துக்கிட்டா எப்படி?" என்றார். எங்களுக்குள் இருந்த காகிதம் ஒரே ஒரு பக்கம். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அவ்வளவுதான். கஸ்டமர் யாருடையவர் என்று அதில் ஒரு வரி இல்லை. அப்போதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது, நான் உள்ளே போகும்போதும் வரும்போதும் ஒரு இறுக்கம். நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

* * *

தோழி, இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நான் இந்தத் தொழிலில் 9 வருடம், மூன்று சலூன் மாறியிருக்கிறேன், மூன்றிலும் இந்தச் சண்டை வந்தது.

சலூனில் இடம் எடுப்பது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, மாதமோ வாரமோ நிலையான வாடகை. இரண்டு, நீங்கள் செய்யும் வேலையில் சதவீதப் பங்கு. சதவீதம் என்றால் ரிசப்ஷனில் அவர்களே நேரம் எழுதுவார்கள், கிரீமும் துண்டும் பெரும்பாலும் அவர்களுடையது, ஆள் வராத நாளில் உங்கள் கைக்காசு போகாது. அங்கே கஸ்டமர் அவர்களுடையவர் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நிலையான வாடகை என்றால் நீங்கள் குடியிருப்பவர் மாதிரி. விலை உங்களுடையது, பொருள் உங்களுடையது, பணம் உங்கள் கணக்கில் விழும், கஸ்டமரும் உங்களுடையவர். சிக்கல் எங்கே வருகிறதென்றால் வாடகையை முதல் விதத்தில் வாங்கிக்கொண்டு உரிமையை இரண்டாவது விதத்தில் கேட்கும்போது. உங்கள் அக்கா செய்வது அதுதான். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவரும் இதை யோசித்தே இருக்கமாட்டார்.

இப்போது நான் எங்கே போனாலும் முதலில் எழுதி வாங்குவது, ரிசப்ஷன் வழியாக வருகிறவர் யார் கணக்கு, என் அட்டையைப் பார்த்து வருகிறவர் யார் கணக்கு, நான் கிளம்பினால் என் கஸ்டமர் குறிப்பு அட்டைகள் என்னோடு வருமா, எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டு வெளியேறலாம், சாவி உண்டா, சலூன் மூடியிருக்கும் நாளில் நான் திறக்கலாமா, அப்புறம் எனக்குப் போட்டியாக இன்னொரு ஃபேஷியல்காரரை உள்ளே விடமாட்டீர்களா, இவ்வளவும்.

இன்னொன்றும் கேளுங்கள், இதை நான் அடிபட்டுக் கற்றேன். உங்களுக்கு வாடகைக்கு விடுகிறவரே அந்தக் கடைக்கு வாடகைக்காரராக இருந்தால், உள்வாடகைக்கு விட அவருக்குக் கட்டடக்காரரின் அனுமதி இருக்கிறதா? என் இரண்டாவது சலூனில் ஒரு நாள் காலை போனால் வெளியே வேறு பூட்டு. சலூன்காரருக்கும் கட்டடக்காரருக்கும் தகராறு. என் படுக்கை, ஸ்டீமர், மேக்னிஃபையிங் விளக்கு எல்லாம் உள்ளே. அவையெல்லாம் என்னுடையவை என்று காட்டக் கையில் ரசீதுகூட இல்லை, மெஷின் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துக் காட்டி வெளியே எடுக்க 19 நாள் ஆனது. பில்லைப் பத்திரமாக வையுங்கள், அறையில் உங்கள் பொருள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

* * *

கஸ்டமர் யாருடையவர் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது? வாடகைக்கு இருக்கிறவர் செய்யும் வேலைக்கு அது பெரும்பாலும் அவருடையதுதான். சலூன்காரர் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு பொதுவாக உங்கள் வேலையைக் காப்பாற்றாது, தனியாக எடுக்க வேண்டும். நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஆரம்பித்த இரண்டாவது மாதம். மேலுதட்டுக்கும் புருவத்துக்கும் வாக்ஸிங் கேட்டு ஒரு பெண் வந்தார். படிவத்தில் "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். படுக்க வைத்து, தோலைத் துடைத்து, வாக்ஸ் சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே சும்மா பேச்சுக் கொடுத்தேன், "சருமம் நல்லா இருக்கே, என்ன பண்றீங்க?" என்று. "பருவுக்கு ஆறு மாசம் மாத்திரை போட்டேன் அக்கா, போன மாசம்தான் நிறுத்தினேன்" என்றார். பெயர் கேட்டால், ஐசோட்ரெட்டினோயின். எனக்கு ஸ்பேட்டுலா (வாக்ஸ் தடவும் குச்சி) பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மாத்திரை சருமத்தை மெலிதாக்கும், மேலே வாக்ஸ் போட்டு இழுத்தால் முடியோடு தோலும் உரிந்து வரும், மாத்திரையை நிறுத்தி 6 மாதம் வரை முகத்தில் வாக்ஸிங் வேண்டாம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். வகுப்பில் படித்தது எல்லாம் சரி, ஆனால் அவர் பொய் சொல்லவில்லையே! நிறுத்திவிட்டார், அதனால் "எடுக்கிறீர்களா" என்றால் இல்லைதானே.

அன்றிலிருந்து என் படிவத்தில் கேள்வியை மாற்றினேன். மருந்து என்று கேட்டால் மக்கள் காய்ச்சல் மாத்திரையை நினைக்கிறார்கள். "கடந்த ஒரு வருடத்தில் பருவுக்கோ மங்குக்கோ ஏதாவது சாப்பிட்டீர்களா, இரவில் முகத்தில் என்ன தடவிக்கொண்டு படுக்கிறீர்கள், அந்த ட்யூபைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா" என்று கேட்கிறேன். வாக்ஸிங்கில் இதே சிக்கலைத் தரும் ட்ரெட்டினோயின், அடபலீன் என்ற பரு கிரீம்கள் எல்லாம் இப்படிக் கேட்டால்தான் வெளியே வருகிறது. அந்தப் பெண்ணை வாக்ஸிங் செய்யாமல் அனுப்பினேன், காசும் வாங்கவில்லை. அன்று மொத்தமே அந்த ஒருவர்தான், வலித்தது.

* * *

வாக்ஸ் பானையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பகிர்ந்துகொள்ளும் இடத்தில் என் பெரிய தலைவலி அதுதான். நான் இல்லாத நாட்களில் இன்னொருவர் அதே அறையில் வேலை செய்வார். ஒரு திங்கட்கிழமை மூடியைத் திறந்தால் உள்ளே முடி மிதக்கிறது. ஒரே ஸ்பேட்டுலாவைத் திரும்பத் திரும்பத் தோய்த்திருக்கிறார். ஒரு முறை தோலில் பட்ட குச்சி மறுபடி பானைக்குள் போகவே கூடாது, சூடான வாக்ஸ் கிருமியைக் கொல்லும் என்று நினைப்பது தப்பு. முழுப் பானையையும் கொட்டினேன். சலூன்காரர் "அதான் நீல விளக்குப் பெட்டி இருக்கே, குச்சியை எல்லாம் அதுல வைங்க" என்கிறார்! அந்தப் பெட்டி, சுத்தம் செய்து முடித்த கருவியை எடுத்து வைக்கும் அலமாரி மாதிரி, அவ்வளவுதான். உலோகக் கருவியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் லேபிளில் போட்டிருக்கும் நிமிடம் முழுக்க மூழ்க வைக்க வேண்டும், ஸ்டெரிலைஸ் ஆக, அதாவது கிருமி முழுசாகச் சாக வேண்டுமென்றால் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரியில் வைக்க வேண்டும். மரக் குச்சியை எதிலும் வைக்க வேண்டாம், குப்பையில் போடுங்கள். இப்போது என் பானைக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கிவிட்டேன், கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

* * *

நான் சின்னதாக ஒன்று. முழு மாதத்துக்கு எடுக்காதீர்கள், வாரம் இரண்டு நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், அந்த இரண்டு நாளும் நிரம்பிய பிறகுதான் மூன்றாவது நாள் கேட்டேன். அப்புறம், ஒரு மணி நேர ஃபேஷியல் என்பது ஒரு மணி நேரம் இல்லை. முன்னால் பேச 10 நிமிடம், பின்னால் விரிப்பு மாற்ற, கருவி கழுவ, துடைக்க 20 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம். விலை போடும்போது நான் அந்த அரை மணியை விட்டுவிட்டு ஒரு வருடம் இலவசமாக உழைத்திருக்கிறேன். பொருளும் அளவாக வாங்குங்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படம் போட்டு 6, 12 என்று இருக்கும், திறந்த பிறகு எத்தனை மாதம் என்று அர்த்தம். தள்ளுபடியில் கிடைத்ததென்று நான் வாங்கிய பெரிய வைட்டமின் சி சீரம் பாதி தீருவதற்குள் கறுத்துப் பழுப்பாகிக் குப்பைக்குப் போனது.

* * *

முதலில் எழுதியவள்தான். எல்லாருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன்.

போன வாரம் அக்காவிடம் போய் "உட்கார்ந்து பேசலாமா அக்கா" என்று கேட்டேன். கடை மூடின பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவருக்கும் மனசில் இருந்திருக்கிறது. ரிசப்ஷனில் கேட்டு வருகிறவரின் முதல் ஃபேஷியலில் அவருக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் அவர் என் கஸ்டமர், என் அட்டை பார்த்து வருகிறவரில் பங்கு கிடையாது, இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் முறைக்குப் பங்கு கொடுப்பது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், எனக்கு அது ஆள் அனுப்பும் கூலி மாதிரி தெரிந்தது. அதற்கப்புறம் அவரே ஐந்து பேரை அனுப்பியிருக்கிறார்! கடை அவருடைய சொந்தக் கட்டடமா என்றும் கேட்டேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. வாடகைதான், அனுமதிக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார், இன்னும் வரவில்லை. தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். குழாய்க்கு மட்டும் வழியில்லை, அதனால் இரண்டு பெரிய ஃபிளாஸ்க் வாங்கிவிட்டேன், காலையிலேயே வெந்நீர் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

படிவத்தில் அந்தக் கேள்வியையும் மாற்றினேன். இன்று புருவ வாக்ஸிங்குக்கு வந்தவர் மருந்து எதுவும் இல்லை என்றார், இரவில் என்ன தடவுவீர்கள் என்றதும் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் காட்டினார், அடபலீன். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எத்தனை நாள் நிறுத்தலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று தேதியைத் தள்ளி வைத்தேன். அவர் போய்விட்டார், அடுத்தவர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வெளியே ட்ரையர் ஓடுகிறது, விளக்கு இன்னும் அணையவில்லை.