அப்பாவின் மறதிக்கு நடை உதவுமா?

வெள்ளவத்தைக்காரி:
அப்பாவுக்கு 71. மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதாக டொக்டர் சொன்னார். நேற்று தேத்தண்ணீருக்குச் சீனி போட்டுக் கலக்கிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே மறுபடியும் சீனிப் போத்தலைத் தேடினார், பார்க்கவே மனம் தாங்கவில்லை. தினமும் நடந்தால் உண்மையில் பயன் இருக்குமா?

தெஹிவளை அண்ணன்:
இருக்கு தங்கச்சி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை உடல் பயன்படுத்தும் ஒக்சிசனில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை எடுக்கிறது, அதனால் இரத்த ஓட்டம் குறைந்தால் அது சீக்கிரமே வாடிவிடும். நடக்கும்போது இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நரம்புக் கலங்களைப் பேணும் பிடிஎன்எஃப் என்ற புரதமும் கூடுகிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி 2 சதவீதம் பெருத்தது. அவர்கள் மறதிநோய் இல்லாதவர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பம்பலப்பிட்டி:
அம்மாவை நான் பின்னேரம் மரீன் டிரைவில் கூட்டிப்போகிறேன். கதைக்க முடியும், பாட முடியாது, அந்த வேகம் போதும். டொக்டரிடம் கேட்டுவிட்டு 10 நிமிடத்தில் தொடங்குங்கள், அப்பா பிரஷர் குளிசை எடுப்பவரென்றால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.